பழைய பொம்மை வாங்குவதும் விற்றவரிடம் புகார் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பொம்மை வாங்குகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் இரண்டே வகை. கையில் இருப்பது என்ன என்பது ஒன்று. காசை வாங்கிக்கொண்டவர் பதிலே சொல்லவில்லையே, என்ன செய்வது என்பது இன்னொன்று. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. பழைய பொம்மையில அப்படி என்னதான் இருக்கு? அதே மாதிரி புதுசு கிடைக்குதே?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், செய்த விதம் வேறு. பழைய தகரப் பொம்மைக்குத் தட்டையான தகட்டிலேயே வண்ணத்தை அச்சடித்துவிடுவார்கள். பிறகுதான் அழுத்தி வளைத்து, ஓரத்தில் நீட்டிய சிறு தகட்டுக் காதுகளைத் துளையில் நுழைத்து மடக்கிப் பூட்டுவார்கள். பசையும் இல்லை, திருகும் இல்லை. உள்ளே ஒரு சுருள்வில், சில பல்சக்கரங்கள். ஓடும்போது காதருகே வைத்தால் எது எதைத் தள்ளுகிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். புதிய நகல்கள் பலவற்றில் அந்தச் சத்தம் ஒரு மின்னணுச் சில்லிலிருந்து வருகிறது.

இன்னொரு ஈர்ப்பு, காலம் கடந்தும் பொருந்துவது. ஃபிராங்க் ஹார்ன்பி 1901-இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகால் முடுக்கிக் கட்டும் பொம்மை. அதில் துளைக்குத் துளை அரை அங்குலம்; எந்தக் காலத்துப் பட்டையையும் அதே அளவில் முடுக்கலாம். லெகோவின் 1958-ஆம் ஆண்டு வடிவக் கட்டை இன்றைய கட்டையோடு சேரும். ஆனால் 1963-க்கு முந்தையவை செல்லுலோஸ் அசிடேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. நாளாக நாளாக அவை வளைந்து, பிடிப்புத் தளர்ந்துவிடும். படத்தில் இது தெரியாது.

உங்களை இழுப்பது சத்தமா, பெட்டியா, யாரோ ஒரு குழந்தை தேய்த்த தேய்மானமா என்று வாங்கும் முன்பே தெளிவாகிவிடுங்கள். சத்தத்துக்காக வாங்குகிறவர் பெட்டியைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்பார். ஓடுமா என்று கேட்க மறந்துவிடுவார். புகார்களில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2. அடியில 1966-ன்னு போட்டிருக்கு. அப்போ இது 1966-ல செஞ்சதுதானே?

பெரும்பாலும் இல்லை. அது அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு. பார்பி பொம்மையின் முதுகில் இருக்கும் 1966 இதற்குப் பேர்போன உதாரணம்; 1990-களில் செய்த பொம்மைகளிலும் அதே எண் இருக்கிறது. ஹாட் வீல்ஸ் கார்களின் அடித்தட்டிலும் இதே கதைதான். விற்றவர் ‘1966-ஆம் ஆண்டு பொம்மை’ என்று எழுதியிருந்தால் அவர் ஏமாற்ற நினைத்தார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அவரும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்.

ஆண்டை நெருங்க வேறு தடயங்கள் உண்டு. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது’ என்ற பொருள்படும் ஆங்கில முத்திரை 1947 முதல் 1952 வரைக்குரியது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். பட்டைக்குறி (பார்கோடு) கடைகளுக்கு வந்ததே 1974-இல்தான். ஆகவே பெட்டியில் அச்சான பட்டைக்குறி இருந்தால், ‘1960-களின் பெட்டி’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

3. வாங்குறதுக்கு முன்னாடி விற்கிறவர்கிட்ட என்னென்ன கேட்கணும்?

நல்ல நிலையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நல்ல நிலை’க்கு அளவுகோல் கிடையாது. திட்டவட்டமாகப் பதில் சொல்லும்படி கேளுங்கள். சாவி கொடுத்தால் நிற்காமல் எத்தனை விநாடி ஓடுகிறது? பேட்டரி அறையைத் திறந்து படம் அனுப்ப முடியுமா? பெயிண்ட் தொழிற்சாலையில் அடித்ததா, பிறகு யாராவது பூசினார்களா? எந்தப் பாகமாவது மாற்றப்பட்டதா? பெட்டி அந்தப் பொம்மையோடு வந்ததுதானா, நகலா?

அடிப்பக்கப் படம் கட்டாயம் வேண்டும். டை-காஸ்ட் காரில் (உருக்கிய உலோகத்தை அச்சில் செலுத்தி வார்த்தது) அடித்தட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி துளையிடப்பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் திருகு இருந்தாலோ, யாரோ பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள். தகரப் பொம்மையில் மடக்கிய காதுகளைப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை நிமிர்த்தி மடக்கினாலே காது முறிந்துவிடும். முறிந்த காது, பற்றவைத்த காது இரண்டும் ஏற்கெனவே திறந்ததற்கு அடையாளம்.

இந்த உரையாடலை விற்பனைத் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசினால், ‘சற்றுமுன் பேசியபடி, சாவி கொடுத்தால் ஓடும் என்று சொன்னீர்கள்’ என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். விற்பனை விவரம் முழுவதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பதும் அன்றைக்கே நடக்க வேண்டும். விற்றபின் அந்தப் பக்கம் மாறலாம், காணாமலும் போகலாம்.

4. ‘சோதித்துப் பார்க்கவில்லை’ன்னு போட்டிருந்தாங்க. ஓடலை. புகார் செய்யலாமா?

ஓடவில்லை என்பதற்காகச் செய்தால் நிற்பது கடினம். அந்த வாக்கியத்தை ‘ஓடாது’ என்றே படித்து, அதற்கேற்ற விலைதான் கொடுக்க வேண்டும். ஆனால் படத்தில் இருந்த சாவியோ பெட்டியோ பார்சலில் வரவில்லை என்றால் அது வேறு விஷயம். இப்படிப்பட்ட விவரங்களில் விற்பவர்கள் போடும் ‘இருக்கிறபடியே’ என்ற வார்த்தையும், காட்டாத குறைக்கும் அனுப்பாத பொருளுக்கும் மூடி போடாது.

5. பார்சல் வந்ததும் முதல்ல என்ன செய்யணும்?

பிரிக்காதீர்கள். முகவரிச் சீட்டு தெரியும்படி ஆறு பக்கமும் படம் எடுங்கள். நசுங்கல் இருந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். சீட்டில் எடை அச்சாகியிருந்தால் வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஏதோ ஒன்று வரவில்லை என்று பிறகு சொல்ல வேண்டியிருந்தால் அந்த இரண்டு எண்களும் சாட்சி பேசும். பிரிப்பதை வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். உள்ளே திணித்த தாள், அட்டை, குமிழித்தாள் எதையும் விவகாரம் முடியும்வரை எறிய வேண்டாம். பொதி சரியில்லாததால் உடைந்ததா என்று பார்க்க அஞ்சல் அல்லது கூரியர் அதிகாரி அதைத்தான் கேட்பார்.

சாவிப் பொம்மைக்கு உடனே முழுச் சாவி கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அரைச் சுற்று மட்டும் கொடுங்கள். சாவி தடையே இல்லாமல் சுற்றினால் சுருள்வில் முறிந்திருக்கும், அல்லது அதன் நுனி கழன்றிருக்கும். ஆரம்பத்திலேயே கல்லாக இறுகியிருந்தால் ஏற்கெனவே சாவி ஏறிய நிலையில் சக்கரம் சிக்கியிருக்கிறது. பலவந்தப்படுத்தினால் பல் போகும், பழி உங்கள் மேல் வரும். இந்தச் சோதனையையும் வீடியோவில் பிடியுங்கள். ‘அளவுக்கு மீறிச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்’ என்பது விற்பவர்களின் மனப்பாடப் பதில். உண்மையில், நின்றுபோகும் பல பொம்மைகளில் கோளாறு சாவியால் வந்ததே அல்ல. பழைய எண்ணெய் காய்ந்து கோந்தாகிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

6. பெயிண்ட் உதிர்ந்திருக்கு, கொஞ்சம் ஒட்டுது, ஒரு மாதிரி வாடை வேற. இதெல்லாம் குறையா, வயசா?

நீளமாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது. விளிம்பில் பெயிண்ட் தேய்வது, சக்கரத்தில் கீறல், ஸ்டிக்கர் ஓரம் சுருள்வது, இவை வயது. படத்தில் தெரிந்திருந்தால் அவற்றுக்காகப் புகார் வேண்டாம். படத்தில் மறைத்து, எழுத்தில் ‘புதிது போல’ என்று போட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். குறை என்பது, பொருள் தொடர்ந்து அழிந்துகொண்டே போவது, அல்லது சொன்னதற்கு மாறாக இருப்பது.

அழிவுகளில் மோசமானது துத்தநாக நோய். டை-காஸ்ட் துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டால், உலோகத்தின் நுண்மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடும். முதலில் மயிரிழை வெடிப்பு, பிறகு உப்பல், கடைசியில் விரலால் தொட்டாலே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ‘டிங்கி’ வகைப் பொம்மைக் கார்களிலும் பொம்மை ரயில் சக்கரங்களிலும் நிறையப் பார்க்கலாம். இதற்கு மருந்து கிடையாது. ஈரமும் வெப்பமும் வேகப்படுத்தும். பெயிண்ட் அடியிலிருந்து தள்ளி உதிர்கிறதா, உலோகம் வளைந்து மூடி பொருந்தாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது தேய்மானம் அல்ல. புகாரில் அந்தப் பெயரையே சொல்லி எழுதுங்கள்.

வினைல் பொம்மை பிசுபிசுப்பது, அதை மென்மையாக்கக் கலந்த திரவம் வெளியே கசிவதால். துடைத்தால் போகும், சில வாரத்தில் திரும்ப வரும். விற்பதற்கு முதல் நாள் துடைத்துப் படம் எடுப்பவர்களும் உண்டு. புளித்த காடி வாடை செல்லுலோஸ் அசிடேட் சிதைவதைக் காட்டும். தேய்த்தால் கற்பூர வாடை வந்தால் அது செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திச் சோதிக்கச் சொல்லும் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று பற்றும். பேட்டரி அறையில் வெள்ளைப் பொருக்கு அல்லது பச்சைக் கறை இருந்தால் கசிவு. தொடுமுனை அரிபட்டிருந்தால் ‘வேலை செய்கிறது’ என்ற வாக்கு நீடிக்காது.

7. ஒரிஜினல் பெட்டின்னு சொன்னாங்க. எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு.

பல பொம்மைகளுக்கு உள்ளிருப்பதைவிடப் பெட்டிக்கே விலை அதிகம், அதனால்தான் நகல் பெட்டிகள் புழங்குகின்றன. இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் 1950 வாக்கில்தான் பரவலாயின. அதற்கு முந்தையது என்று சொல்லும் பெட்டி நீலமாகப் பளிச்சிட்டால் கேள்வி கேட்கலாம். அதற்குப் பிந்தைய பெட்டிக்கு இந்தச் சோதனை உதவாது. உருப்பெருக்கியில் பாருங்கள்: பழைய அச்சில் வரிசையான புள்ளிகளோ தட்டையான நிறமோ தெரியும், வீட்டு இங்க்ஜெட் அச்சில் சிதறிய தூவல் தெரியும். மடிப்பு ஓரமும் காட்டிக்கொடுக்கும். பல வருடம் திறந்து மூடிய மடிப்பில் நார் எழும்பி அழுக்கேறியிருக்கும். கறை அச்சிலேயே இருந்து, விரலுக்கு வழவழவென்று பட்டால் அது கறையின் படம்தான்.

8. புகார் எப்படி எழுதறது? கோபமா எழுதினாதானே பயப்படுவாங்க?

கோபக் கடிதத்தைப் படிப்பவர் முதலில் தேடுவது, எதை மறுக்கலாம் என்பதை. ‘மோசமான சேவை’ என்பதை யாரும் மறுக்கலாம். ‘விவரத்தில் ஓடும் என்று இருந்தது, ஓடவில்லை, வீடியோ இதோ’ என்பதை மறுப்பது சிரமம். நான்கு விஷயம் போதும்: சொன்னது என்ன, வந்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள். இப்படி:

‘இந்த ஆர்டர் 3-ஆம் தேதி வந்தது. விவரத்தில் “சாவி கொடுத்தால் ஓடுகிறது” என்று இருந்தது (படம் 1). வந்த பொம்மையில் சாவி தடையின்றிச் சுற்றுகிறது, வில் பிடிக்கவில்லை (வீடியோ, 20 விநாடி). பொம்மையைத் திருப்பி அனுப்பத் தயார். முழுப் பணமும் திருப்பி அனுப்பும் செலவும் வேண்டும். 13-ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் தளத்தில் முறையீடு பதிவு செய்வேன்.’

ஒரு கடிதத்தில் ஒரே ஒரு கோரிக்கை. பணம் தாருங்கள், இல்லை மாற்றிக் கொடுங்கள், இல்லை குறைத்தாவது கொடுங்கள் என்று மூன்றையும் வரிசைப்படுத்தினால் மிகக் குறைந்ததுதான் கிடைக்கும். இந்தக் கலை புதிதல்ல. ஏறக்குறைய கி.மு. 1750-இல் நன்னி என்பவர் ஏஆ-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்குக் களிமண் பலகையில் எழுதிய புகார் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தரமான செம்பு தருவதாகச் சொல்லி மட்டமானதைக் காட்டியது, அனுப்பிய ஆளை அவமதித்தது என்று கோபமாகத்தான் போகிறது. ஆனாலும் இனிமேல் என் முற்றத்தில் ஒவ்வொரு பாளமாக நானே பார்த்து எடுப்பேன், தரமில்லாததை ஏற்கமாட்டேன் என்று தெளிவாகவே முடிகிறது.

9. மூணு தடவை எழுதிட்டேன். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ன்னு அதே பதில்தான் வருது.

அது மனிதர் எழுதிய பதிலே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது கடிதம் எழுதுவதில் பயனில்லை, வழியை மாற்ற வேண்டும். தொலைபேசி எண் இருந்தால் கூப்பிட்டு, பேசியவர் பெயர், நேரம், புகார் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘இதை முடிவு செய்யும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் யாருக்கு?’ என்று கேளுங்கள். எதிரே இருப்பவர் பெரும்பாலும் அந்தத் தவறைச் செய்தவரே அல்ல. அவரைத் திட்டினால் அவர் கையில் இருக்கும் சின்னச் சலுகையும் போய்விடும்.

இதற்கிடையில் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஈபே விற்பனைத் தளத்தில் பொருள் வந்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள். பேபால் என்ற இணையப் பணச் சேவையில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு திறக்க வேண்டும். திறந்த 20 நாளுக்குள் அதை உரிமைக்கோரலாக உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். நண்பருக்கு அனுப்பும் முறையில் பணம் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பே இல்லை. கார்டு வழியாகக் கட்டியதை வங்கியிடம் மறுக்கப் பொதுவாக 120 நாள்வரை இடமுண்டு, ஆனால் சில வங்கிகள் அதற்கு முன்பே கேட்கும். நாடு விட்டு நாடு வந்த பதிவு அஞ்சல் காணாமல் போனால், அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கோரலாம். அதை அனுப்பியவர் கோருவதுதான் வழக்கம், ஆகவே அவரை எழுத்தில் கேளுங்கள். ‘அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்’ என்று இழுக்கும் விற்பவரிடம் பொறுமை காட்டலாம், முறையீட்டைத் திறந்து வைத்துவிட்டு.

10. பாதிப் பணம் தரேன், புகாரை மூடிடுங்கன்னு சொல்றாங்க. ஒத்துக்கலாமா?

பொம்மை பிடித்திருந்தால் ஒத்துக்கொள்ளலாம், அது கெட்ட பேரமும் அல்ல. பழுதுபார்க்க ஆகும் செலவு, இல்லாத பாகத்தின் விலை இரண்டையும் கூட்டிப் பார்த்து எண் சொல்லுங்கள். ஆனால் பணம் கணக்கில் விழுந்த பிறகுதான் மூட வேண்டும். பல இடங்களில் மூடிய புகாரைத் திரும்பத் திறக்க முடியாது. துத்தநாக நோய் உள்ள பொருளுக்குப் பாதிப் பணத்தை ஏற்காதீர்கள். மிச்சப் பாதி உங்கள் அலமாரியிலேயே பொடியாகிவிடும்.

11. திருப்பி அனுப்பச் சொல்றாங்க. வழியில உடைஞ்சா யார் பொறுப்பு?

பொதி சரியில்லை என்றால் அனுப்பியவர், அதாவது இந்தத் தடவை நீங்கள். சாவியை முழுவதும் ஓடவிட்டு இறக்குங்கள். முதல் சுற்று அமிலமில்லாத மெல்லிய தாளாக இருக்கட்டும். குமிழித்தாள் நேரடியாகப் பட்டால் பெயிண்டிலும் வினைலிலும் வட்ட வட்டமாகத் தடம் பதியும். பொம்மையின் பெட்டியில் ஒட்டுநாடா படவே கூடாது. அதை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் திணிப்பு விடுங்கள். இதையும் படம் எடுங்கள். தடம் பார்க்கும் எண் இல்லாமல் அனுப்பினால், வந்து சேரவில்லை என்று அவர் சொல்வதோடு கதை முடிந்துவிடும்.

12. பாவமா இருந்துச்சு, துடைச்சு எண்ணெய் விட்டுட்டேன். இப்போ புகார் செய்யலாமா?

வலு குறையும். வந்த நிலைக்கு 5-இல் சொன்ன வீடியோ இருந்தால் முயலலாம். இல்லையென்றால், எண்ணெய் விட்டதால்தான் கெட்டது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது. செய்ததை மறைக்காமல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

13. கம்பெனி இன்னும் இருக்கு. முப்பது வருஷப் பழைய பொம்மைக்குப் பாகம் கேட்டா கஸ்டமர் கேர்ல கண்டுக்கவே மாட்டேங்கிறாங்க.

பொதுவாக அவர்களுக்கு அந்தக் கடமை இல்லை, ஆகவே இது புகார் அல்ல, உதவி கேட்பது. தொனியும் அப்படியே இருக்கட்டும். ‘என் பழைய ரயிலுக்குச் சக்கரம் வேண்டும்’ என்றால் இல்லை என்பது ஒரு சொடுக்கில் வந்துவிடும். பாகத்தின் எண், அச்சின் தடிமன், துளையின் விட்டம் எல்லாம் மில்லிமீட்டரில் குறிப்பிட்டு, ‘இதே அளவு இன்று எந்தத் தயாரிப்பில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தொழில்நுட்ப ஆளிடம் போயே ஆக வேண்டும். மெக்கானோ மாதிரி அளவு மாறாதவற்றில் கம்பெனியைத் தேடவே வேண்டாம், திருகின் மரை 5/32 அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை அளவு) என்று தெரிந்தால் போதும்.

14. குழந்தைக்கு விளையாடக் கொடுக்கலாமா? ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ன்னு போட்டுத்தான் வித்தாங்க.

வாயில் வைக்கும் வயது என்றால் வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். பொம்மைப் பெயிண்டில் ஈயத்துக்கு அமெரிக்கா 1978-இல் வைத்த உச்சவரம்பு பத்து லட்சத்தில் 600 பங்கு. 2009-இல் அது 90 ஆனது. அதாவது 1980-களில் சட்டப்படி சரியாக இருந்த பொம்மைகூட இன்றைய அளவில் தேறாமல் போகலாம். தகர விளிம்பு, கழன்று வரும் கண், செல்லுலாய்டு ஆகியவை தனி ஆபத்து. சேகரிப்புப் பொருளைக் குழந்தைகளுக்கு ஏற்றது என்று விற்றிருந்தால் அது விவரத்துக்கு மாறானது. 8-இல் உள்ள கடிதம் அப்படியே பொருந்தும்.

15. கெட்ட விமர்சனம் போட்டுடுவேன்னு சொன்னா வேலை நடக்குமா?

நடக்கலாம், உங்கள் கணக்கே முடங்கவும் செய்யலாம். விமர்சனத்தைக் காட்டிப் பணம் கேட்பதை விற்பனைத் தளங்கள் மிரட்டலாகவே எடுத்துக்கொள்கின்றன. விவகாரம் முடிந்தபின் நடந்ததை எழுதுங்கள். எத்தனை நாளில் பதில் வந்தது, எப்படித் தீர்ந்தது என்பதுதான் அடுத்து வாங்குகிறவருக்கு வேண்டும். ‘திருடர்கள்’ என்ற சொல் அவருக்கு எதையும் சொல்லாது, உங்களுக்குத்தான் வம்பு.

16. வித்தவருக்கே அது போலின்னு தெரியாதாம். ஆறு மாசம் கழிச்சு நானும் இப்பதான் கண்டுபிடிச்சேன். இனிமே என்ன?

தெரியாமல் விற்றார் என்பதால் உங்கள் கோரிக்கை செத்துவிடாது. விவரமும் பொருளும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி, மனதில் என்ன இருந்தது என்பது அல்ல. இதைக் கடிதத்திலும் காட்டுங்கள். ‘நீங்களும் அறியாமல் விற்றிருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால், பொய்யர் என்று சொல்லிவிட்டார்களே என்ற வீம்பு இல்லாமல் அவர் பின்வாங்க இடம் கிடைக்கும். ஆறு மாதம் என்றால் 9-இல் சொன்ன கெடுக்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டிருக்கும். கட்டிய நாளை எண்ணிப் பாருங்கள், பேபாலின் 180 நாளில் ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

கெடு போயிருந்தால் நேரடிக் கடிதம், அதற்கு மேல் உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்பு. தொழிலாக விற்கும் கடை என்றால் அங்கே வலு அதிகம், வீட்டைக் காலி செய்யும்போது ஒன்றை விற்ற தனிநபர் என்றால் குறைவு. எதுவும் நடக்காவிட்டாலும் அந்தப் பொம்மையைத் திரும்ப விற்கும்போது போலி என்று எழுதித்தான் விற்க வேண்டும். தெரிந்த பிறகு மறைத்தால், அடுத்த புகாரில் விற்றவர் இடத்தில் நிற்பது நீங்கள்.